பகாங்கில் ஊர், பேராவில் எண்: ஃபிரேம் ரிலே வலையும் ரூட்டரின் நம்பிக்கையும்

கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் ஏதாவது ஒரு கடைப் பலகையில் எழுதியிருக்கும் தொலைபேசி எண்ணைப் பாருங்கள். 05 என்று தொடங்கும். பகாங் மாநிலத்தின் எண் 09. 05 பேராவுக்கு உரியது. நிர்வாகப் படத்தில் கேமரன் மலை பகாங்கின் ஒரு மாவட்டம். நில அலுவலகம், சட்டமன்றத் தொகுதி எல்லாம் பகாங் கணக்கு. தொலைபேசிக் கணக்கில் மட்டும் மலை முழுவதும் ஈப்போ பக்கம். சாலையும் அப்படித்தான் போட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து ஏறிவந்தது பேரா சாலை. 2000களின் தொடக்கத்தில் திறந்து, இந்த ஊர்க் காய்கறி லாரிகளின் போக்கையே மாற்றிய சிம்பாங் பூலாய் சாலையும் பேராவிலிருந்துதான் ஏறுகிறது. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாக ரவூப் பக்கம் இறங்கும் சாலை அவற்றுக்கெல்லாம் பிறகு வந்தது. அதுவரை இங்கிருந்து குவாந்தானுக்குப் போகிறவர் முதலில் பகாங்கை விட்டு வெளியேறினார், பிறகு எங்கோ சுற்றி மறுபடியும் பகாங்குக்குள் நுழைந்தார். படத்தில் ஒன்றாக இருப்பது வேறு, போய்ச் சேர முடிவது வேறு. இன்று பேசப்போகும் பொருளின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால்தான் எண்ணில் தொடங்கினேன்.

ஃபிரேம் ரிலே என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வாடகைக்கு விட்ட வலை. நாற்பது கிளை உள்ள ஒரு வங்கி, ஒவ்வொரு கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையில் தனிக் கம்பி வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக ஒவ்வோர் இடத்திலிருந்தும் அருகிலுள்ள தொலைபேசி நிலையம் வரைக்கும் ஒரே ஒரு கம்பி. அதற்கு அப்பால் யாருக்கும் யாருக்கும் இடையில் பாதை என்பதை நிறுவனம் தன் கருவிகளில் எழுதி வைக்கும். அந்தப் பாதைக்கு நிலையான மெய்நிகர் சுற்று என்று பெயர், பி.வி.சி. என்பார்கள். ஃபிரேம் ரிலேக்கு முன்னோடி 1976-இல் தரம் வகுக்கப்பட்ட எக்ஸ்.25. மலேசியாவில் மேபேக் என்ற பெயரில் ஓடியது அதுதான். இரைச்சல் மிகுந்த செப்புக் கம்பிகளை நம்பாமல், வழியில் உள்ள ஒவ்வொரு கண்ணியிலும் பிழை பார்த்து, கெட்டதைத் திரும்ப அனுப்பச் சொல்லி, மெதுவாக நகர்ந்த ஏற்பாடு அது. கண்ணாடி இழை வந்தபின் அந்தச் சந்தேகம் தேவையில்லாமல் போயிற்று. பிழை கண்டால் தூக்கி எறி, மறுபடி அனுப்புவதை இரு முனைக் கணினிகளும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டதில் பிறந்த வேகமே ஃபிரேம் ரிலே. 1990-இல் சிஸ்கோ, டிஜிட்டல் எக்விப்மென்ட், நார்தர்ன் டெலிகாம், ஸ்ட்ராட்டாகாம் என்ற நான்கு நிறுவனங்கள் கூடி, ரூட்டரும் வலையும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொள்ளும் முறை ஒன்றை எழுதின. எல்.எம்.ஐ. என்பது அதுதான். பத்து விநாடிக்கு ஒருமுறை ரூட்டர் "இருக்கிறாயா" என்று கேட்கும். ஆறாவது தடவை "என் பாதைகள் எல்லாம் எப்படி இருக்கின்றன" என்று முழு விவரம் கேட்கும். தொண்ணூறுகளில் உலகமெங்கும் அலுவலகங்கள் ஃபிரேம் ரிலேயின் மேல் ஓடின.

இதற்கு ரூட்டரை அமைப்பதில் வரும் தொல்லைகளைப் பாடப்புத்தகங்கள் வரிசையாகத் தனித்தனித் தலைப்புகளில் தருகின்றன. முகவரிப் பொருத்தம் ஓர் அத்தியாயம், ஸ்பிளிட் ஹொரைசன் ஓர் அத்தியாயம், ஓ.எஸ்.பி.எஃப். தேர்தல் வேறோர் அத்தியாயம். மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்தை மனப்பாடம் செய்கிறார்கள். இவை பல நோய்கள் அல்ல, ஒரே நோய் என்பது என் வாதம். இடைமுகத்தில் ஐ.பி. முகவரி எழுதும் அந்த ஒரு வரியிலேயே ரூட்டரிடம் நாம் உண்மை அல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிறகு வரும் தொல்லை எல்லாம் அதை நம்பிய ரூட்டர் நேர்மையாக நடந்துகொள்வதால் வருகிறது.

கரும்பலகையில் போட்டுப் பார்க்க ஓர் அமைப்பைக் கற்பனை செய்வோம். ஒரு தேயிலை நிறுவனத்துக்கு ஈப்போவில் தலைமை அலுவலகம். கம்போங் ராஜா, தானா ராத்தா, ரிங்லெட் மூன்றிலும் கிளை. ஈப்போவிலிருந்து மூன்றுக்கும் ஒவ்வொரு பி.வி.சி.; கிளைகளுக்குள் எதுவும் இல்லை. கொழுந்து எடைக் கணக்கும் சம்பளப் பட்டியலும் ஈப்போவுக்குப் போனால் போதும் என்று முதலாளி நினைத்திருப்பார். நால்வருக்கும் ஒரே துணைவலையில் முகவரி தருகிறோம்: ஈப்போ 10.1.1.1, கம்போங் ராஜா 10.1.1.2, தானா ராத்தா 10.1.1.3, ரிங்லெட் 10.1.1.4. எல்லாவற்றுக்கும் முகமூடி 24 பிட். ஒவ்வொரு பாதைக்கும் டி.எல்.சி.ஐ. என்று ஓர் எண் உண்டு. அதை முகவரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வீட்டுக் கதவு எண் மாதிரி. கம்போங் ராஜாவில் 201-ஆம் கதவைத் திறந்தால் ஈப்போ. ஈப்போவில் கம்போங் ராஜாவுக்கான கதவு 102. இங்கே 201 என்பது அங்கே யாருக்கும் ஒன்றும் பொருள்படாது. பத்து பிட் எண் என்பதால் 1024 கதவுகள் கணக்கில் வரும். முதல் பதினாறையும் கடைசியில் சிலவற்றையும் வலை தன் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்கிறது.

இனிமேல் பாருங்கள். ஒரே துணைவலை என்று எழுதியதன் பொருள் என்ன? ஈதர்நெட் கம்பியில் அதற்கு ஒரு பொருள் உண்டு: ஒருவர் கூவினால் எல்லோருக்கும் கேட்கும், யாரும் யாரையும் நேராகத் தொடலாம். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்பது மாதிரி. இங்கே அந்தக் களமே இல்லை. மூன்று ஒற்றையடிப் பாதைகள் ஈப்போவில் போய் முடிகின்றன, அவ்வளவுதான். வலைஞர்கள் இதை, பலர் சேரும் ஆனால் கூவ முடியாத வலை என்று வகைப்படுத்துகிறார்கள். கூவ முடியாதது மட்டுமானால் பரவாயில்லை. பலர் சேர்வது என்பதும் இங்கே பாதிதான் உண்மை.

முதல் சான்று முகவரிப் பொருத்தம். ரூட்டருக்கு 10.1.1.1 எந்தக் கதவுக்கு அப்பால் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத் தலைகீழ் ஏ.ஆர்.பி. என்று ஒரு முறை 1992-இல் ஆர்.எஃப்.சி. 1293 ஆக எழுதப்பட்டது. கதவைத் தட்டி, "அப்பால் யார், உங்கள் ஐ.பி. என்ன" என்று கேட்பது. கம்போங் ராஜா ரூட்டர் 201-ஐத் தட்டுகிறது, ஈப்போ "10.1.1.1" என்கிறது. அதோடு கேள்வி முடிந்தது. தட்ட வேறு கதவு இல்லை. கம்போங் ராஜாவில் உட்கார்ந்து ஷோ ஃபிரேம்-ரிலே மேப் என்று அடித்தால் ஒரே ஒரு வரி வரும்: ஐ.பி. 10.1.1.1, டி.எல்.சி.ஐ. 201, டைனமிக், பிராட்காஸ்ட், ஆக்டிவ். இப்போது 10.1.1.3-க்குப் பிங் அடியுங்கள். ஐந்து புள்ளிகள், அதாவது ஐந்துக்கும் பதில் இல்லை. தானா ராத்தா அதே துணைவலைதானே, நேராகக் கொடுக்கலாம் என்று ரூட்டர் முடிவு செய்கிறது. எந்தக் கதவில் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே கைவிடுகிறது. இதைவிட வேடிக்கை, தன் சொந்த முகவரியான 10.1.1.2-க்கு அடித்தாலும் அதே ஐந்து புள்ளிகள்தான். தனக்கான கதவும் பட்டியலில் இல்லையே. புதிதாகக் கற்பவர் இதைக் கண்டு கருவியே பழுது என்று பெட்டியைக் கழற்ற ஆரம்பிப்பதில் வியப்பில்லை.

மருந்து உண்டு: கையாலேயே பொருத்தம் எழுதுவது. 10.1.1.3-க்கும் கதவு 201-தான், ஈப்போ பார்த்து அனுப்பிக்கொள்ளும் என்று ஒரு வரி. தானா ராத்தாவிலும் எதிர்ப்பக்க வரி எழுதியாயிற்று. பிங் போகிறது. எல்லோரும் கைகொடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஆனால் அந்தக் கதவுக்குக் கையால் ஒரு வரி எழுதியவுடன், சிஸ்கோ ரூட்டர் அந்தக் கதவில் தலைகீழ் ஏ.ஆர்.பி. கேட்பதை நிறுத்திவிடுகிறது. ஈப்போவைப் பற்றி முன்பே கேட்டு வைத்தது நினைவில் கிடப்பதால் அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். மூன்று வாரம் கழித்து மலையில் இடி மழை. மின்சாரம் போய் வருகிறது. ரூட்டர் புதிதாக விழிக்கிறது. கையால் எழுதிய தானா ராத்தா வரி இருக்கிறது, ஈப்போ வரி இல்லை. கேட்கவும் மாட்டேன் என்கிறது. வழியிலுள்ள ஈப்போவை அடைய முடியவில்லை, ஈப்போ தாண்டியுள்ள தானா ராத்தாவை அடைய முடிகிறது! பழியை இடி தாங்கும். உண்மையான குற்றவாளி மூன்று வாரம் முன்பு அடித்த வரி. அந்த வரியையும் அடிக்க வைத்தது எது? எல்லோரும் ஒரே துணைவலை என்ற முதல் வரி.

இரண்டாவது சான்று ஸ்பிளிட் ஹொரைசன். ஒரு பக்கத்திலிருந்து கேட்ட வழியை அதே பக்கத்துக்குத் திருப்பிச் சொல்லாதே என்பது தூரக் கணக்கு வழிமுறைகளின் பழைய விதி. கங்காணி சொன்ன சேதியைக் கங்காணியிடமே போய்ச் சொல்வதில் என்ன பயன்? நியாயமான விதி. ஆனால் தானா ராத்தா தன் உள்வலை பற்றிச் சொன்னதை ஈப்போ கேட்டது எந்த இடைமுகத்தில்? சீரியல் 0. கம்போங் ராஜாவுக்குச் சொல்ல வேண்டியது எந்த இடைமுகத்தில்? அதே சீரியல் 0. ஆகவே ஈப்போ வாய் திறக்காது. சேதி சொன்னவரும் கேட்க வேண்டியவரும் வேறு வேறு ஆட்கள் என்பதை ரூட்டர் அறிய வழியில்லை. நாம்தான் இருவரையும் ஒரே களத்தில் நிறுத்திவிட்டோமே. இ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற வழிமுறை ஓடினால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: ஈப்போவின் வழிப்பட்டியலில் மூன்று கிளைகளும் இருக்கும், கிளைகளின் பட்டியலில் ஈப்போ மட்டும் இருக்கும்.

விதியை அணைத்துவிட்டால் போயிற்று என்பது வழக்கமான பதில். ரிப் வழிமுறைக்கு, உடல் இடைமுகத்தில் ஃபிரேம் ரிலே என்று எழுதியதுமே சிஸ்கோ தானாக அணைத்தும் வைக்கிறது. வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி அலங்காரத்துக்கு வைத்ததல்ல. தானா ராத்தாவின் உள்வலை விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துக்கச் செய்தி கிளம்புவதற்குள் ஈப்போவின் முப்பது விநாடி அறிக்கை வந்து சேர்ந்தால், "அந்த வலைக்கு என்னிடம் வழி இருக்கிறது" என்று அது சொல்லும். அந்த வழி தன்னிடமிருந்தே போனது என்று அறியாத தானா ராத்தா அதை நம்புகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டு, தூரத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு, 16 வந்ததும்தான் இல்லை என்று ஒப்புக்கொள்வார்கள். ரிப்பில் 15-க்கு மேல் எண்ணிக்கை இல்லை என்று வைத்ததே இந்த ஊமைக் கூத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு பாதுகாப்பை விலையாகக் கொடுக்கிறோம்.

ஓ.எஸ்.பி.எஃப். தூரக் கணக்கு அல்ல, வலையின் முழுப் படத்தையும் எல்லோரும் வைத்திருக்கும் முறை. இந்தத் தொல்லை அதற்கு இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், வேறு தொல்லை உண்டு. ஒரு துணைவலையில் பலர் இருந்தால் அது ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். மற்றவர்கள் தலைவரோடும் அவருக்கு மாற்றாக நிற்பவரோடும் மட்டும் தகவல் ஒத்துக்கொள்வார்கள். முன்னுரிமை எண் சமமாக இருந்தால் பெரிய அடையாள எண் உடையவர் தலைவர். தற்செயலாக ரிங்லெட் தலைவரானால்? கம்போங் ராஜாவுக்கு ரிங்லெட்டோடு பாதையே இல்லை. தலைவரைப் பார்க்காத குடிமகனாக நின்றுவிடும். ஆகவே கிளைகள் எல்லாவற்றிலும் முன்னுரிமை 0 என்று எழுதி, தேர்தலில் நிற்கும் உரிமையையே பறிக்க வேண்டும். கூவ முடியாத வலை என்பதால் ஈப்போவில் அண்டைவீட்டார் பெயர்களைக் கையால் அடிக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபின் கம்போங் ராஜாவின் வழிப்பட்டியலில் தானா ராத்தாவின் உள்வலை வந்துவிடும், அடுத்த நிறுத்தம் 10.1.1.3 என்ற குறிப்போடு. ஆனால் 10.1.1.3 எந்தக் கதவு? மறுபடியும் முதல் சான்றுக்கே வந்து நிற்கிறோம். வழி தெரியும், போக முடியாது. சுங்கை கோயான் சாலைக்கு முந்தைய நாளில் பகாங் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரின் நிலை.

அப்படியானால் கிளைகளுக்குள்ளும் பாதை வாங்கிவிட்டால்? படம் உண்மையாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். நான்கு இடத்துக்கு ஆறு பாதை; மூன்றுக்குப் பதில் ஆறு, தாங்கலாம். நான் முதலில் சொன்ன நாற்பது கிளை வங்கிக்கு, தலைமையையும் சேர்த்து 820 பாதை. நாற்பது போதுமான இடத்தில் எண்ணூற்று இருபதுக்கு மாத வாடகை. பொய்யை மெய்யாக்கப் பணம் கொடுப்பதைவிடப் பொய் சொல்லாமல் இருப்பது மலிவு.

பொய் சொல்லாமல் எழுதுவது எப்படி என்பது நீளமான செய்தி அல்ல. ஈப்போவின் சீரியல் 0-இல் முகவரி எதுவும் எழுதாமல், அதற்கு அடியில் மூன்று உள் இடைமுகங்களைப் பிரிக்கிறோம்: 0.102, 0.103, 0.104. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியிலிருந்து ஒரு புள்ளிக்கு என்று அறிவித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டி.எல்.சி.ஐ., ஒவ்வொன்றுக்கும் தனித் துணைவலை. முகமூடி 30 பிட்: கம்போங் ராஜாவுக்கு 10.1.1.1-உம் 10.1.1.2-உம், தானா ராத்தாவுக்கு 10.1.1.5-உம் 6-உம், ரிங்லெட்டுக்கு 9-உம் 10-உம். அவ்வளவுதான். ஒரு கதவுக்கு அப்பால் ஒருவரே இருப்பதால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. பொருத்த வரிகள் காணாமல் போகின்றன. தானா ராத்தாவின் சேதி 0.103-இல் வருகிறது, 0.102-இல் போகிறது, ஸ்பிளிட் ஹொரைசன் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கலாம். இருவர் மட்டும் இருக்கும் இடத்தில் ஓ.எஸ்.பி.எஃப். தேர்தல் வைப்பதில்லை. இன்னொரு லாபமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே உடல் இடைமுகத்தில் மூன்று பாதையும் இருந்தபோது, ரிங்லெட் பாதை செத்தாலும் எல்.எம்.ஐ. பதில் வந்துகொண்டிருக்கும்வரை சீரியல் 0 உயிரோடுதான் இருக்கும். கையால் எழுதிய வழி ஏதும் இருந்தால் பொட்டலங்களைக் கிணற்றில் போட்டுக்கொண்டே இருக்கும். பிரித்தபின் அந்தப் பாதை இன்ஆக்டிவ் ஆனதும் 0.104 மட்டும் விழுகிறது, வழிப்பட்டியலிலிருந்து அந்த வழியும் அகல்கிறது. கோளாறும் தன் சரியான அளவில் தெரிகிறது.

முகவரி வீணாகிறதே என்ற புகார் ஒரு காலத்தில் கனமாக இருந்தது. 30 பிட் முகமூடியில் நான்குக்கு இரண்டு வீண். 1996-இல் ஆர்.எஃப்.சி. 1918 உள்வலைகளுக்கென்று முகவரிகளை ஒதுக்கிய பிறகு, 10 என்று தொடங்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேலான எண்கள் கையில் இருக்க, இந்தப் புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். போதாததற்கு 2000-இல் ஆர்.எஃப்.சி. 3021 31 பிட் முகமூடியையும் அனுமதித்தது. இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. பழைய ரூட்டர்கள் வைத்துக்கொள்ளக்கூடிய இடைமுகங்களுக்கு உச்சவரம்பு இருந்தது. நூற்றுக்கணக்கான கிளைகள் ஒரே பெட்டியில் முடிந்தால் கிளைக்கு ஒன்று என்று பிரிப்பது நடக்காத காரியம். அங்கே ஒரே துணைவலையை வைத்துக்கொண்டு, ஓ.எஸ்.பி.எஃப்.-இடம் இது ஒரு புள்ளியிலிருந்து பல புள்ளிக்கு என்று சொல்வதுதான் வழி. 1998-இன் ஆர்.எஃப்.சி. 2328-இலேயே இது இருக்கிறது. தேர்தல் கிடையாது, ஒவ்வொருவரின் முகவரியும் 32 பிட் தனி வழியாக ஊருக்குத் தெரிவிக்கப்படுகிறது, கம்போங் ராஜாவின் பட்டியலில் தானா ராத்தாவுக்கு அடுத்த நிறுத்தம் ஈப்போ என்று வருகிறது. என் வாதத்துக்கு இது எதிரல்ல. முகவரி ஒன்றாக இருந்தாலும் இணைப்பு இருவர் இருவராகத்தான் என்பதை இந்த முறையும் ஒப்புக்கொள்கிறது.

 

மிஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் பெரிய ஆட்சேபம்: ஃபிரேம் ரிலே செத்துப்போன சரக்கு. சிஸ்கோவே 2016-இல் தன் அடிப்படைச் சான்றிதழ்ப் பாடத்திட்டத்திலிருந்து இதை எடுத்துவிட்டது. மலைக்கு இன்று வருவது கண்ணாடி இழையும் கைப்பேசிக் கோபுரமும். பிறகு எதற்கு? பெட்டி போனதே தவிர வடிவம் போகவில்லை என்பதே பதில். இணையத்தின் மேல் தலைமை அலுவலகத்துக்கும் கிளைகளுக்கும் மறைகுறிச் சுரங்கங்கள் போடும் டி.எம்.வி.பி.என். முறையில், தலைமையின் ஒரே சுரங்க இடைமுகத்தில் எல்லாக் கிளைகளும் வந்து சேர்கின்றன. இ.ஐ.ஜி.ஆர்.பி. ஓட்டினால் ஸ்பிளிட் ஹொரைசனை அணைக்கச் சொல்கிறது வழிகாட்டி. எந்த ஐ.பி.க்கு எந்தச் சுரங்கம் என்று கேட்டு அறிய என்.எச்.ஆர்.பி.; தலைகீழ் ஏ.ஆர்.பி.யின் உறவுக்காரர். ஃபிரேம் ரிலேயின் காரணம் அறிந்தவருக்கு இது பழைய வீடு. மருந்துப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குப் புதிய நோய்.

அமேசான் மேகச் சேவையில் தனி வலைகளை இருவர் இருவராக இணைப்பதும் அப்படித்தான். கம்போங் ராஜா என்று ஒரு வலைக்குப் பெயர் வைத்து ஈப்போ என்ற வலையோடு இணையுங்கள். ஈப்போவைத் தானா ராத்தாவோடு இணையுங்கள். மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை, ஒரே கணக்கில் காசு கட்டுபவை, ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் பச்சை விளக்கோடு தெரிபவை. கம்போங் ராஜாவின் வழிப்பட்டியலில், தானா ராத்தாவுக்கு ஈப்போ இணைப்பு வழியாகப் போ என்று எழுதுங்கள். வரியைச் சேவை ஏற்றுக்கொள்ளும். பொட்டலம் ஈப்போவைத் தாண்டாது.